பீபிக்கின் அரண்மனையும் செமாபோக் பஸ்ஸும்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் சில மாதங்கள் நான் ஒரு சீன அரண்மனைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். என் மொழிபெயர்ப்பைக் கேட்டவர் அம்மா ஒருவர்தான். இருந்தாலும் அந்த வேலையில் எனக்கு இருந்த பெருமை, சம்பளம் வாங்கிய வேலையில்கூட இருந்ததில்லை. இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

கதை எங்கள் வீடு வந்து சேர்ந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் காஜா பெராங் சாலை முனையில் ஒரு காப்பிக்கடை இருந்தது. பகல் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அங்கே ஒரு சீனக் கிழவர் ஹொக்கியன் மொழியில் கதை சொல்வார். ஆரம்பிக்கும்போது ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, மணல் நிரப்பிய பால் டின்னில் குத்தி வைப்பார். பத்தி அணைந்தால் கதை நின்றுவிடும். வாளை ஓங்கியவன் ஓங்கியபடியே நிற்பான். கூட்டத்திலிருந்து யாராவது சில்லறை போட்டு அடுத்த பத்தி எரிந்தால்தான் வாள் கீழே இறங்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு பீபிக் அங்கே போய் ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். வயதான பாபா வீட்டுப் பெண்களை மலாக்காவில் பீபிக் என்றுதான் கூப்பிடுவோம். சீன வம்சம், வீட்டில் பேசுவது மலாய். சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவியதும், சமையலறைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் வைத்து பீபிக் அன்றைய பங்கை மலாயில் சொல்வார். அவரும் ஒரு பத்தி கொளுத்திக்கொள்வார். அணைந்தால் அவரும் நிறுத்திவிடுவார், பாதி வாக்கியமானாலும் சரி.

அதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொல்வேன். அம்மா கல்யாணமாகிக் கப்பலில் வந்தவர். அவருக்குத் தெரிந்த மலாய் மீனுக்கும் கீரைக்கும் போதும், அரண்மனைக்குப் போதாது. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

கதாநாயகி நம் காலத்துப் பெண். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிறவள். மழைக்கு ஒரு பழைய கோயில் வாசலில் ஒதுங்குகிறாள், இடி விழுகிறது, கண்ணைத் திறந்தால் பல நூறு வருடங்களுக்கு முந்தைய அரண்மனைத் தோட்டம். அவளுடைய முழங்கால் தெரியும் கவுனைப் பார்த்துக் காவலர்கள் ஈட்டியை நீட்டுகிறார்கள். அவளுக்கு இருந்த ஒரே பலம், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நன்றாகப் படித்தது. எந்த மந்திரி யாரைக் கவிழ்ப்பான், எந்தப் போரில் யார் தோற்பார்கள், எந்த இளவரசன் சிம்மாசனம் ஏறாமலே சாவான் எல்லாம் அவளுக்குத் தெரியும். சாகப் போகிற அந்த இளவரசன் மேலேயே அவளுக்கு ஆசை வந்துவிடுகிறது.

"அவ்வளவு படிச்ச பொண்ணு, வேற ஆளே கெடைக்கலியா?" என்றார் அம்மா.

அந்தப் பெண்ணை எனக்கு உடனே பிடித்துப்போனது. நானும் படித்தவள்தான். கோலாலம்பூரில் தொழிற்பயிற்சி முடித்து, மலாக்காவில் அரசாங்க வரைபட அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்திருந்தேன். பொறியாளர்கள் பென்சிலில் வரைந்த படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, சாக்பீஸ் தூள் தேய்த்து, மையால் நகல் எடுக்கும் வேலை. கோடு தடித்தாலும் தப்பு, மெலிந்தாலும் தப்பு. எங்கள் வரிசை வீடுகளில் மேசையில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் பெண் நான்தான். கடந்த காலத்துக்குள் விழுந்த டைப்பிஸ்ட் மாதிரி, என்னைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியாதவை எனக்குத் தெரியும் என்று உள்ளூர ஒரு நினைப்பு.

கதையில் ஆட்கள் பெருகியபோது வீணான துணித் துண்டு ஒன்றில் ஒரு படம் போட்டேன். ராஜமாதாவின் கட்சி இடப்பக்கம், முதல் மந்திரியின் கட்சி வலப்பக்கம், இரண்டு பக்கமும் சேதி விற்கிற அந்தப்புர ஏவலர்கள் நடுவில். யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பதற்கு அம்புக்குறி. அம்மா அதைச் சமையலறைக் கதவில் ஒட்டிக்கொண்டார்.

அந்த ஏவலர்கள் முதல் தடவை கதையில் வந்தபோது, அவர்கள் யார் என்று விளக்க பீபிக் வார்த்தை தேடவில்லை. மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பாக்குவெட்டியை எடுத்து, காற்றில் ஒரு முறை நறுக்கிக் காட்டினார். நாலாவது வீட்டிலிருந்து வரும் செட்டி வீட்டு அம்மாள் (பல தலைமுறைக்கு முன்பே மலாக்கா வந்த வம்சம், நம் சாமியைத்தான் கும்பிடுவார், ஆனால் தமிழ் தெரியாது, அவருக்கும் மலாய்தான்) சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாவம், எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் வெளிய போனாரு, இல்லேன்னா இதப் பாத்துட்டு ஓடியிருப்பாரு," என்றார் அவர்.

"அவரெல்லாம் அரமனைக்கு லாயக்கு இல்ல. வயசாயிருச்சு, நறுக்குனா பாக்குவெட்டிக்குத்தான் கேடு," என்றார் பீபிக்.

நான் அம்மாவிடம் திரும்பி, "அவங்கள்லாம் கல்யாணம் பண்ணிக்காதவங்கம்மா," என்றேன். அம்மா அதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பாக்குவெட்டியைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கதையில் எனக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் பிடிபடவில்லை. இளவரசனின் அக்கா. கிழக்கு மாளிகையில் இருப்பவள், சாவிக்கொத்து அவள் இடுப்பில். டைப்பிஸ்ட் பெண் வந்த நாளிலிருந்து இந்த அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. தம்பி புதுப் பெண்ணின் மாளிகைக்குப் போகிற நாட்களில் தன் விளக்கை ஊதி அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அரண்மனையில் எல்லாரும் அவள் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

"தம்பி யாரோட இருந்தா அக்காவுக்கு என்ன?" என்று பீபிக்கிடம் கேட்டேன்.

"பெரிய எடத்து அக்கா அப்படித்தான்லா," என்று பீபிக் வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினார். செட்டி வீட்டு அம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது.

நான் விடவில்லை. விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். ஒன்று, அக்கா என்றால் ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை? இரண்டு, தம்பியின் சாப்பாட்டை ஏன் அவளே பரிமாற வேண்டும்? மூன்று, அவளுக்குத் தெரியக்கூடாது என்று ஏன் அத்தனை பேரும் பயப்படுகிறார்கள்? பீபிக் பத்தியின் சாம்பலை ஊதினார். அம்மாவிடம் தமிழில், "இந்தச் சீனக் கதைங்களுக்கு முன்னுக்குப் பின் பொருத்தமே கெடையாதும்மா. வாய்க்கு வந்ததச் சொல்றாங்க," என்றேன்.

"அந்த அக்கா இன்னிக்காவது சாப்பிட்டாளான்னு கேளு பாப்பா," என்றார் அம்மா.

இனி அப்பாவைப் பற்றி. டவுன் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தார். காக்கிச் சட்டை, பித்தளை பேட்ஜ், காதில் சொருகிய பென்சில். எங்கள் தெருவில் அவர் பஸ்ஸில் ஏறாதவர்கள் இல்லை. வாரத்தில் சில ராத்திரிகள் வீட்டுக்கு வரமாட்டார். கடைசி பஸ்ஸை, அது போய்த் திரும்புகிற செமாபோக்கிலேயே ஷெட்டில் விட்டுவிடுவார்களாம், விடிகாலை முதல் பஸ் அங்கிருந்து கிளம்ப வேண்டுமாம், பொறுப்பான ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டுமாம். எனக்கு நினைவு தெரிந்து இதுதான் ஏற்பாடு. அந்த நாட்களில் அம்மா நாலடுக்கு கேரியரில் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். அடுத்த நாள் கேரியர் திரும்பி வரும்.

கழுவித் துடைத்துத்தான் வரும். மூடி நேராக, கைப்பிடி பளபளவென்று. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் அப்பா. அவர் கையில் கேரியர் எப்படிப் பளபளக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் ஒரு சீனப் பெண் இருந்தாள். அவளும் டிரேசர்தான், கையெழுத்து என்னுடையதைவிட அழகு. மெர்டேக்கா என்கிற சுதந்திர விழாவுக்காக அப்போது எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. வளைவுகள், கொடிக்கம்ப மேடை, விளக்குத் தோரணம் போகிற பாதை என்று படங்கள் வந்து குவிந்தன. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே காப்பிக்கடைக் கிழவரின் பேச்சு வந்தது. அவளுடைய தகப்பனார் அங்கே தினமும் போகிறவர், ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்கே கதை சொல்வாராம்.

"நீயும் கேக்கறியா? கதைல எந்த எடத்துல இருக்க?" என்றாள் ஆசையாக.

சொன்னேன். அந்தப் பொருத்தமில்லாத அக்காவைப் பற்றியும் சொன்னேன். அவள் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்காவா? எந்த அக்கா? அது அவன் பொண்டாட்டி! மொதல் பொண்டாட்டி! அந்த டைப்பிஸ்ட் ரெண்டாவதா வந்தவ. சரித்திரப் புத்தகத்துல அந்தப் பொண்டாட்டியப் பத்தி ஒரு வரிகூட இல்ல, அதனால டைப்பிஸ்டுக்கே தெரியாமப் போயிருச்சு. அரமனை முழுக்க அவளுக்கும் மறைக்குது, மூத்தவளுக்கும் மறைக்குது, அவளுக்குச் சந்தேகம் மட்டுந்தான். கதையே அதுதானே? மெர்டேக்காவுக்கு முன்னால கெழவர் முடிச்சிருவாரு, கடைக்குப் பெயின்ட் அடிக்கப் போறாங்களாம். இந்த வாரம் மூத்தவளுக்கு எல்லாம் தெரிஞ்சிரும், பாரு."

மத்தியானம் முழுக்க எனக்குச் சிரிப்புத்தான். என் மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது, கதையில் பொருத்தம் இருக்கிறது, பீபிக்தான் கெடுத்திருக்கிறார். வெட்கப்பட்டு மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தப் பாக்குவெட்டி நினைவுக்கு வந்தது. அப்படிக் காட்டியவருக்கு இரண்டாம் மனைவி என்று சொல்ல என்ன வெட்கம்?

நேராகப் பின் சந்துக்குப் போனேன். பீபிக்கும் செட்டி வீட்டு அம்மாளும் பயற்றங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே இருந்தார். இவர்கள் பேசியது முழுக்க மலாய், என் தமிழில் தருகிறேன்.

"பீபிக், கதைய மாத்திட்டீங்க. அது அக்கா இல்லையாம், பொண்டாட்டியாம்."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல ஒரு சீனப் பொண்ணு. ஏன் மாத்துனீங்க?"

"பத்தி எரியற நேரத்துல எல்லாத்தையும் சொல்ல முடியுமா? கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டி..."

"வேற எதையும் வெட்டல. அது ஒண்ணைத்தான் மாத்தியிருக்கீங்க. எங்கம்மா கேட்டா என்ன? எங்கம்மாவுக்குக் கதை தாங்காதா? அவங்க என்ன சின்னப் பிள்ளையா?"

செட்டி வீட்டு அம்மாள் காயைக் கீழே போட்டார். பீபிக்கைப் பார்த்து, "அலாமாக்! இந்தப் பொண்ணு நெசமாவே தெரியாமத்தான் கேக்குது," என்றார்.

"நீ சும்மா இரு," என்றார் பீபிக்.

"எப்படிச் சும்மா இருக்கறது? அரசாங்க உத்தியோகம், ரோடு போடற ஆபீஸ். பஸ் எங்க தூங்குதுன்னு தெரியாதா?"

எனக்குப் புரியவில்லை. "செமாபோக்லதான், ஷெட்ல," என்றேன்.

நான் அதைச் சொன்ன தோரணை இன்னமும் ஞாபகம் இருக்கிறது. அறியாதவர்களுக்கு விளக்குகிற குரல்.

பீபிக் பக்கத்திலிருந்த முக்காலியைத் தட்டிக் காட்டினார். நான் உட்காரவில்லை. "நாக்," என்றார். தன் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சொல் அது. "பஸ் தூங்காது நாக். ஆளை எறக்கிட்டு டிப்போவுக்குத் திரும்பிரும். உங்கப்பாதான் அங்க எறங்கிக்கறாரு. பல வருஷமா. அந்தம்மா நல்லவதான், துணி தைக்கறவ. நாங்க யாரும் வாயத் தொறக்கறதில்ல. உங்கம்மா முகத்துக்காக."

செட்டி வீட்டு அம்மாள் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் என்ன தப்பு செய்தார்?

அடுத்த நாள் அலுவலகத்தில் படப் பெட்டியைத் திறந்து செமாபோக் சாலைப் படத்தை எடுத்தேன். அகலப்படுத்தும் வேலைக்காகப் போன வருடம் வந்த படம். வலது கீழ் மூலையில் நகல் எடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. வாய்க்கால், மின்கம்பம், சிறு பாலம், தென்னை மரங்கள், ஒரு கோழிக்கூடுகூட இருந்தது. பஸ் திரும்பும் வட்டம் இருந்தது. ஷெட் இல்லை. வட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், வீடுகள். அந்தக் கோடுகளை எல்லாம் நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறேன். ஒரு கட்டத்தின் நாலு பக்கமும் நான் மை தீட்டியபோது, உள்ளே யாரோ எங்கள் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்திருக்கலாம்.

வெட்கத்தில் எனக்கு எப்போதும் வரிசை போடத் தோன்றும். அந்த வாரம் மனதில் ஒரு வரிசை ஓடிக்கொண்டே இருந்தது. பால்காரருக்குத் தெரியும். துணி வெளுப்பவருக்குத் தெரியும். அப்பாவின் கண்டக்டர்கள், டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். தினமும் காலையில் "அப்பா டியூட்டியா?" என்று கேட்கும் ரொட்டிக்காரருக்குத் தெரியும், அதற்கு நான் "செமாபோக் டியூட்டி" என்று பதில் சொல்வேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டு போவார். அவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தேன். யாரும் சிரித்ததில்லை. சிரித்திருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

அம்மாவுக்கு மட்டும் தெரியாது என்று முடிவு கட்டினேன். இந்த வாரம் கதையில் மூத்தவளுக்குத் தெரிந்துவிடும். பீபிக் எவ்வளவுதான் வெட்டி ஒட்டினாலும் அக்கா என்று சொல்லி அந்தக் காட்சியை ஓட்ட முடியாது. நான்தான் அதைத் தமிழில் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கதையை நிறுத்திவிடலாமா? உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? இல்லை, அதற்கு முன்னால் நானே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா? தெரியாமலே இருக்கிற ஒருவருக்கு அதைச் சொல்லி என்ன கொடுக்கப் போகிறேன்? எதையும் தீர்மானிக்க முடியவில்லை. அப்பா வீட்டில் இருந்த நாட்களில் அவர் சட்டை மாட்டியிருந்த ஆணியைக்கூடப் பார்க்க முடியவில்லை. அவரோ மெர்டேக்காவுக்காகப் பஸ்ஸுக்குக் கொடி கட்டப் போவதைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒங்க ஆபீஸ்ல கட்டற வளைவு எவ்வளவு ஒசரம் பாப்பா? நம்ம பஸ் அடில போயிருமா?"

உயரத்தைச் சொன்னேன். என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அதற்கும் வெட்கப்பட்டேன்.

கேரியர் திரும்பி வந்த நாள், அது சுத்தமாக இருந்தும் மறுபடியும் சாம்பல் போட்டுத் தேய்க்க எடுத்தேன். அடுக்கை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். நாங்கள் வாங்காத ஏதோ ஒரு சோப்பின் வாசனை. திரும்பினால் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அரிசி களையப் போய்விட்டார்.

அந்தச் சாயங்காலம் சந்தில் நாங்கள் நாலு பேரும் வழக்கம்போல உட்கார்ந்தோம். பீபிக் பத்தியைக் கொளுத்தினார். அன்றைக்கு அவர் வெற்றிலை போடவில்லை. ஒரு சமையற்காரியின் வாய் வழியாக விஷயம் கிழக்கு மாளிகைக்குப் போகிறது. பீபிக் சுற்றி வளைத்துச் சொன்னார். "அந்த அக்காவுக்கு, அதாவது, தம்பியோட காரியம், கொஞ்சம் தெரிஞ்சுபோச்சு..."

நான் அம்மாவிடம் திரும்பினேன். "அந்த அக்காவுக்கு..." என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடி தொடங்கினேன். "அந்த அக்கா..." கதவில் ஒட்டியிருந்த என் படத்தைப் பார்த்தேன். ராஜமாதா, மந்திரி, ஏவலர்கள், நேர்த்தியான அம்புக்குறிகள். கிழக்கு மாளிகைக்கு மட்டும் நான் அம்புக்குறி போட்டிருக்கவில்லை. எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று தெரியாமல் ஓரத்தில் விட்டு வைத்திருந்தேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பீபிக்கிடம் திரும்பினார்.

"செரித்தாலா பெத்துல்-பெத்துல், பீபிக். அனாக் சாயா சுடா தாவ்."

உள்ளபடியே சொல்லுங்கள், என் மகளுக்குத் தெரிந்துவிட்டது என்றார். மீன்கார மலாய் இல்லை அது. பீபிக்கின் மலாய், பீபிக்கின் இழுப்போடு. அதைக் கேட்டுப் பழகிய, பேசிப் பழகிய வாய்.

செட்டி வீட்டு அம்மாள் தரையைப் பார்த்தார். பீபிக் பெருமூச்சு விட்டு, "உனக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"இன்னிக்கு. கேரியர மோந்து பாத்தா."

அதற்கப்புறம் பீபிக் உள்ளபடியே சொன்னார். மூத்த மனைவி ஆளனுப்பி டைப்பிஸ்ட் பெண்ணை வரவழைக்கிறாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. உட்காரச் சொல்லித் தேநீர் கொடுக்கிறாள். "வரப் போறதெல்லாம் உனக்குத் தெரியுமாமே? உங்க புத்தகத்துல எல்லாம் எழுதியிருக்காமே? என்னப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறாள். அந்தப் பெண் தான் படித்த பக்கங்களை எல்லாம் மனதுக்குள் புரட்டுகிறாள். போர் இருக்கிறது, தீ இருக்கிறது, மந்திரிகளின் பெயர் இருக்கிறது. இவளைப் பற்றி ஒரு வரி இல்லை. பதில் சொல்ல முடியாமல் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பத்தி அணைந்துவிட்டது. பீபிக் நிறுத்தினார்.

அம்மா எழுந்து உள்ளே போய், எங்கள் சாமி அலமாரியிலிருந்து நீளமான ஊதுபத்தி ஒன்றை எடுத்து வந்து பற்றவைத்தார். "லாகி," என்றார். இன்னும் சொல்லுங்கள்.

அன்று கதை முடியும் வரை யாரும் என்னிடம் திரும்பவில்லை. அம்மா கேள்வி கேட்டார், பீபிக் பதில் சொன்னார், செட்டி வீட்டு அம்மாள் நடுவில் இளவரசனைத் திட்டினார். அம்மாவும் ஒரு வசவைச் சேர்த்துக்கொண்டார், அது எனக்கே தெரியாத மலாய். இளவரசன் சரித்திரத்தில் எழுதியிருந்தபடியே செத்தான். டைப்பிஸ்ட் பெண் நனைந்த கவுனோடு சிங்கப்பூர்க் கோயில் வாசலில் கண் விழித்தாள். "மூத்தவ என்ன ஆனா?" என்று அம்மா கேட்டார். "கெழவன் அதச் சொல்லல," என்றார் பீபிக். "நானும் கேட்டேன். கதை முடிஞ்சிருச்சுன்னு பத்தியப் புடுங்கிட்டான்."

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "எப்பலேருந்துமா தெரியும்?"

"நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்பலேருந்து."

"மலாய்?"

"பதினெட்டு வயசுல வந்தேன். பக்கத்து வீட்ல பீபிக். பின்ன யார்கிட்ட பேசுவேன்?" வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னார். "நீ ஆபீஸ்லேருந்து வந்து சோறுகூடத் திங்காம, கண்ணு விரிய, எனக்கு எடுத்துச் சொல்வே. தெரியும்னு சொன்னா நீ எழுந்து போயிருவே. அதான் சொல்லல."

"பீபிக்க மாத்தச் சொன்னது?"

"நான்தான். இல்லேன்னா ரெண்டாவது பொண்டாட்டி வந்தாள்னு உன் வாயால நீ எனக்குச் சொல்லணும். நான் உன் முகத்தப் பாத்துக்கிட்டு, கதை கேக்கற மாதிரி கேக்கணும். அது என்னால முடியாது பாப்பா. அப்பாவ நீ பெருசா நெனச்சுக்கிட்டு இருந்தே. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

பீபிக் 'முகத்துக்காக' என்றது என் முன்னால் அம்மா காப்பாற்றி வந்த முகம் என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாருமாகக் கூடித் தெரியாமல் பார்த்துக்கொண்டது அம்மாவுக்கு அல்ல, எனக்கு. கிழக்கு மாளிகையில் இருந்தவருக்கு எல்லாம் தெரியும். தோட்டத்தில் வந்து விழுந்த படித்த பெண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. சீனக் கதைகளுக்குப் பொருத்தமில்லை என்று நான் விரல் விட்டு எண்ணிக் காட்டியபோது அம்மா எப்படி உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் அந்த அக்கா சாப்பிட்டாளா என்று கேட்டதை நான் சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டிருக்கிறேன். பீபிக் சிரிக்காமல் அம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் சாப்பிட்டாள்," என்று பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் என் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு மறுபடியும் செமாபோக் டியூட்டி. குளித்து, காக்கிச் சட்டை போட்டு, பேட்ஜைத் துடைத்துக் குத்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். மேசையில் வழக்கமாக கேரியர் இருக்கும் இடம் காலியாக இருந்தது.

"கேரியர் எங்க?" என்றார்.

அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "அங்க அடுப்பு இருக்குல்ல?" என்றார். கோபமே இல்லாத குரல். பசாரில் விலை கேட்கிற குரல்.

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அத்தனை வருடம் அவர் யாருக்காக அந்த ஷெட்டைக் கட்டி வைத்திருந்தார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டார், மறுபடியும் எடுத்துக் காதில் வைத்தார். நான் ஏதாவது பேசுவேன் என்று நின்றார். எனக்கு எந்த மொழியிலும் எதுவும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் குனிந்துகொண்டார். செருப்புச் சத்தம் வாசல் தாண்டிப் போனது.

இவ்வளவு நாள் எனக்காகத்தான் அம்மா கேரியர் கட்டினார், எனக்காகத்தான் அப்பா பொய் சொன்னார். நான் தெரிந்துகொண்டதில் எங்கள் வீட்டில் மாறியது அது ஒன்றுதான். அவர் போவது நிற்கவில்லை, சாப்பாடு போவது நின்றது.

அம்மா எனக்குச் சோறு போட்டார். கேரியருக்கென்று எப்போதும் எடுத்து வைக்கிற பொரித்த மீன் துண்டுகளையும் சேர்த்து என் தட்டில் வைத்தார். எனக்குப் பசி இல்லை. ஆனால் மிச்சம் வைத்தால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். முழுவதையும் சாப்பிட்டேன்.